சுவிட்சைத் தொடாதீங்க

ஹார்ட் டிஸ்க்கின் வேகத்தைக் கூட்ட அதைத் திறக்க வேண்டியதில்லை. அதில் எழுதியிருப்பதை வேறு வரிசையில் மாற்றி எழுதினாலே போதும். நானும் அண்ணனும் அந்த ஆண்டு முழுக்க எழுதிக்கொண்டிருந்த நிரலின் வேலை அவ்வளவுதான்.

ஒரு குடை ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பதினேழு குழந்தைகள். ஒவ்வொருவர் மடியிலும் எண் போட்ட ஒரு பெட்டி. ராட்டினம் நிற்கவே நிற்காது. நீங்கள் ஓரமாக நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படி பெட்டிகளை வாங்கி அடுக்க வேண்டும். ஒன்றாம் பெட்டியை வாங்கித் தரையில் வைத்து நிமிர்வதற்குள், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் இரண்டாம் குழந்தை உங்களைக் கடந்து போய்விடும். அது திரும்பி வர ஒரு முழுச் சுற்று ஆகும். இப்படியே போனால் பதினேழு பெட்டிக்குப் பதினேழு சுற்று. இரண்டாம் குழந்தையை மூன்று இடம் தள்ளி உட்கார வைத்துப் பாருங்கள். நீங்கள் நிமிரும்போது அது உங்களுக்கு நேராக வந்துகொண்டிருக்கும். மூன்றே சுற்றில் எல்லாப் பெட்டிகளும் கைக்கு வந்துவிடும்.

டிஸ்க்கின் ஒவ்வொரு வட்டத் தடமும் அப்படி ஒரு ராட்டினம்தான்; அதிலுள்ள பதினேழு துண்டுகள்தான் பெட்டிகள். எத்தனை இடம் தள்ளி வைப்பது என்பது பெட்டியை வாங்குகிறவரின் சுறுசுறுப்பைப் பொறுத்தது. அதாவது கணினியைப் பொறுத்தது. டிஸ்க்கைச் செய்து அனுப்புகிறவர்கள் குத்துமதிப்பாக ஓர் இடைவெளியை வைத்து அனுப்பிவிடுவார்கள். எங்கள் நிரல் கணினியைச் சோதித்துச் சரியான இடைவெளியைக் கண்டுபிடிக்கும். பிறகு ஒரு தடத்தில் இருப்பதையெல்லாம் நினைவகத்துக்கு எடுத்துக்கொள்ளும், தடத்தைப் புதிய இடைவெளியில் வகுக்கும், எடுத்ததைத் திரும்ப எழுதும். அப்புறம் அடுத்த தடம்.

நாங்கள் இதை விளக்கியபோது சட்டென்று பிடித்துக்கொண்டவர் அண்ணிதான். நகரப் பேருந்து அலுவலகத்தில் கால அட்டவணை போடுவது அவர் வேலை.

"எங்க பொழப்பும் இதானே? ரெண்டு பஸ்ஸுக்கு நடுவுல மூச்சு விட நேரம் குடுக்கலேன்னா, ஒரு நிமிஷத்துல தவறவிட்டவன் ஒரு மணி நேரம் காத்துக் கிடப்பான்" என்றார். "என் மெஷினும் அப்படித்தான் காத்துக் கிடக்குது. அதுக்கு வைத்தியம் பாருங்க."

அதற்குள் எனக்கும் அண்ணனுக்கும் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. தடத்தை அழித்து வகுக்கும் அந்தச் சிறு நேரத்தில், அதில் இருந்தவை நினைவகத்தில் மட்டும்தான் இருக்கும். மின்சாரம் போனால் போனதுதான். அதனால் டிஸ்க்கின் கடைசியில் சும்மா கிடக்கும் தடத்தில் முதலில் ஒரு நகல் எழுதிவிட்டு, அப்புறம் கை வைக்கலாம் என்றேன் நான்.

"நேரம் ரெண்டு மடங்காயிரும்" என்றான் அண்ணன். "ஓடச் சொல்லிட்டுக் காலுல கல்லைக் கட்டுறியா?"

"விழுந்தா பல்லு போகாதுல்ல?"

"விழாம ஓடத் தெரியும் எனக்கு."

அண்ணன் எல்லாவற்றிலும் அப்படித்தான். திரையில் தட எண்களைக் காட்டுவதற்குக்கூட நேரமாகிறது என்று அதையும் வெட்டிவிட்டான். ஒரு தடத்தைத் திரும்பத் திரும்ப அழித்து வகுத்துத்தான் இடைவெளியைச் சோதிக்க முடியும்; அதற்கு நான் கடைசித் தடத்தைத்தான் சொன்னேன். ஆனால் தொடங்கும்போது டிஸ்க்கைப் படித்து எழுதும் தலை முதல் தடத்தில்தானே நிற்கிறது, எதற்கு நகர வேண்டும் என்று அங்கேயே சோதிக்க வைத்தான். வேகமான நிரல்தான், மறுக்கவில்லை. அதைத்தான் அண்ணி ஃப்ளாப்பியில் போட்டு எடுத்துப் போனார்.

மறுநாள் மதியம் தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன்.

"ஏய் வாலு, உங்க அண்ணன் இருக்காரா?" அண்ணியின் குரல் பஞ்சு போல இருந்தது. கோபமோ பயமோ வந்தால்தான் அவர் அப்படிப் பேசுவார்.

"என்னாச்சு அண்ணி?"

"உங்க வைத்தியத்தை ஓட்டினேன். ரெண்டு தடவை கடகடன்னுச்சு, அப்புறம் கப்சிப். திரையிலயும் ஒண்ணும் வரல. பிரேக் சார் வந்து காதை வச்சுப் பாத்தாரு. 'உயிர் போயிருச்சும்மா'ன்னு சொல்லி பட்டனை அமுக்கிட்டாரு. இப்ப டிஸ்க்கே இல்லேங்குது."

பிரேக் சார் அவருடைய மேலாளர். ஓடுகிற எதையும் நிறுத்திவிடுவார் என்பதால் எங்கள் வீட்டில் அவருக்கு அந்தப் பெயர்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்தக் காலத்து டிஸ்க்கில் கடகட சத்தம் போடுவது சுழலும் தட்டு அல்ல. தடம் விட்டுத் தடம் தாவும் தலை. ஒரே தடத்தில் நின்று சோதிக்கும்போது தலை அசையாது, சத்தமும் வராது. தினமும் அந்தக் கடகடவைக் கேட்டே பழகியவர்களுக்கு மௌனம் என்றால் மரணம்தான். பாவம், அவர் சாகாததைச் செத்ததாக நினைத்து நடுவில் நிறுத்திவிட்டார். அதுவும் முதல் தடத்தில். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று டிஸ்க்குக்குச் சொல்லும் விவரம் தொடங்குவது அங்கேதான். அது போனால் மற்றத் தடங்கள் பத்திரமாக இருந்தும் பயனில்லை.

"அண்ணி, நகல் எடுத்தீங்கல்ல?"

"எடுத்தேனே. வேற பேர்ல இன்னொண்ணு போட்டு வச்சேன்."

"எந்த ஃப்ளாப்பில?"

"ஃப்ளாப்பி எதுக்கு? அதே டிஸ்க்லதான்."

பக்கத்தில் காதை நீட்டிக்கொண்டிருந்த அண்ணன் தலையில் கை வைத்தான். "மாத்துச் சாவி செஞ்சு, அதையும் வீட்டுக்குள்ளயே வச்சுப் பூட்டியிருக்கா."

"மூணு மாச வேலைடி" என்றார் அண்ணி. "திங்கக்கிழமை பள்ளிக்கூடம் தொறக்குது. இன்னைக்குச் சாயங்காலமே அச்சகத்துக்காரர் வந்து நிப்பாரு. புது அட்டவணை இல்லேன்னா நான் என்னன்னு சொல்லுவேன்?"

அண்ணன் தொலைபேசியைப் பிடுங்கினான். "அவரு எதை அமுக்கினாரு? விசைப்பலகையில மூணு பட்டனா, இல்ல பின்னாடி சுவிட்சா?"

பதில் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் விறைத்திருந்த அவன் தோள் தளர்ந்ததைப் பார்த்தேன்.

"மூணு பட்டன்தானே? நல்லாத் தெரியுமா? அப்ப நான் வர்ற வரைக்கும் யாரும் சுவிட்சு பக்கமே போகக் கூடாது. நீயும் எதையும் தொடாதே."

பேருந்தில் ஏறினோம். நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். சுவிட்சை அணைத்தால் நினைவகம் துடைத்த கரும்பலகை ஆகிவிடும். மூன்று பட்டன்களைச் சேர்த்து அழுத்துவது அப்படியல்ல. ஓர் ஆசிரியர் வெளியே போய் இன்னோர் ஆசிரியர் வகுப்புக்குள் வருவது போல அது. புதியவர் தனக்கு வேண்டிய இடத்தை மட்டும் அழித்துக்கொள்வார். மூலையில் பழையவர் எழுதியது அப்படியே இருக்கும். எங்கள் நிரல் தடத்தை எடுத்து வைப்பது நினைவகத்தின் மேல் மூலையில். கணினி மீண்டும் எழும்போது எடுத்துக்கொள்வது பெரும்பாலும் கீழ்ப்பகுதியை. பெரும்பாலும்தான். அந்தச் சொல் என்னை உறுத்திக்கொண்டே வந்தது.

அலுவலகத்தில் அண்ணி சுவரோடு ஒட்டி, மின் இணைப்பை முதுகால் மறைத்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எதிரில் பிரேக் சார்.

"அஞ்சு நிமிஷம் அணைச்சு வச்சா சூடு தணிஞ்சு சரியாயிரும்மா. எங்க வீட்டு டிவிக்கு நான் அப்படித்தான் செய்வேன்."

"சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சுவிட்சைத் தொடாதீங்க. தொட்டீங்கன்னா திங்கக்கிழமை எந்தப் பஸ் எங்க போகணும்னு நீங்களேதான் தெருவுல நின்னு கத்தணும்."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அண்ணன் கொண்டுவந்த ஃப்ளாப்பியைச் செருகி அதிலிருந்து கணினியை எழுப்பினான். நினைவகத்தைப் பக்கம் பக்கமாகத் திரையில் காட்டும் சின்னக் கருவி ஒன்று அதில் இருந்தது. விசையைத் தொடப் போனவன் கையை இழுத்துக்கொண்டான்.

"நீ தட்டு" என்றான் என்னிடம்.

எதைத் தேடுவது என்பது சுலபம். எந்த டிஸ்க்காக இருந்தாலும் முதல் துண்டின் கடைசியில் எப்போதும் ஒரே இரண்டு குறிகள்தான் இருக்கும். தேடச் சொன்னேன். முதலில் கிடைத்தது ஃப்ளாப்பியின் துண்டு. அது நாங்கள் சற்று முன் கொண்டுவந்தது. மறுபடி தேடினேன். ஒன்றும் இல்லை. இன்னும் மேலே போனேன். திரை முழுக்கச் சோதனைக்கு எழுதிய வெறும் கோலங்கள்.

"இன்னும் மேல போ" என்றான் அண்ணன்.

போனேன். குறிகள் கிடைத்தன. அதற்குக் கீழே, அடுத்தடுத்து, எந்தக் கோப்பு எங்கே என்ற எண்கள் கலையாமல் வரிசையாக நின்றன. எண்ணினேன். பதினேழு துண்டுகளும் இருந்தன.

"இருக்கு அண்ணி" என்றேன். "எல்லாம் இருக்கு."

அவர் நம்பவில்லை. சுவரை விட்டு நகரவும் இல்லை.

அண்ணன் இப்போது எதற்கும் அவசரப்படவில்லை. நினைவகத்தில் இருந்ததை முதலில் ஒரு ஃப்ளாப்பியில் எழுதச் சொன்னான். பிறகு இன்னொரு ஃப்ளாப்பியில். இரண்டையும் ஒப்பிடச் சொன்னான். அப்புறம்தான் டிஸ்க்கின் முதல் தடத்தில் திரும்ப எழுதினோம். எழுதியதைப் படித்துச் சரிபார்த்தோம். ஃப்ளாப்பியை உருவிவிட்டு மூன்று பட்டன்களையும் அவனே அழுத்தினான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கடகட, கடகட என்று தலை தாவ ஆரம்பித்தது. அத்தனை இனிமையான இரைச்சலை நான் கேட்டதே இல்லை. பிரேக் சார்கூட, "ஆங், பேசுது பாரு!" என்று துள்ளினார்.

அண்ணி வந்து ஒரு தடத்தின் அட்டவணையைத் திறந்தார். பேருந்துத் தடம், டிஸ்க்கின் தடம் அல்ல. மேலிருந்து கீழ் வரை விரலை ஓட்டிப் படித்தார். இன்னொன்றைத் திறந்தார். பிறகு நாற்காலியைத் தேடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வந்தும் நிறுத்தவில்லை.

"காலு ரெண்டும் மரத்துப் போச்சுங்க" என்றார் அண்ணனைப் பார்த்து.

அண்ணன் பக்கத்தில் மண்டியிட்டு அவர் பாதத்தைத் தேய்த்துவிட்டான். மேலாளர் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அட்டவணை முழுவதையும் நான் ஃப்ளாப்பிகளில் நகல் எடுத்தேன். அச்சகத்துக்காரர் வந்து ஃப்ளாப்பிக் கட்டு ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அவருக்கு எதுவும் தெரியாது. டீ கேட்டார், குடித்தார், போனார்.

"இனிமே உன் மெஷின் பக்கம் வரமாட்டேன்" என்றான் அண்ணன்.

"யாரு விட்டா? அது இன்னும் மெதுவாத்தானே ஓடுது?" என்றார் அண்ணி. "அடுத்த வாரம் வாங்க. தங்கச்சி சொல்ற மாதிரி செஞ்சு எடுத்துட்டு வாங்க. ரெண்டு மடங்கு நேரமானா ஆகட்டும், நான் உக்காந்து பாத்துக்கறேன்."

"பாக்கறதுக்குத் திரையில எண்ணும் ஓடும்" என்றான் அவன். என்னைப் பார்க்காமல்தான் சொன்னான். ஆனால் சொன்னான்.