காயப்போட்ட வயிறு

சித்தேரி மலையில் ஒரு பிள்ளைக்கு வயிற்றாலை போகிறது என்றால் போதும், ஆளாளுக்கு வைத்தியராகிவிடுவார்கள். ஒருவர் சொன்ன மருந்தை இன்னொருவர் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒன்றில் மட்டும் எல்லாருக்கும் ஒரே பேச்சு: பிள்ளைக்குச் சொட்டுத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. உள்ளே போவதுதானே வெளியே வருகிறது, உள்ளே விடாவிட்டால் வருவதும் நின்றுவிடும் என்பது அவர்கள் நியாயம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கும்.

கருப்பியும் அதை நம்பினாள். அவள் மகன் செல்லனுக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. வயிற்றில் அடுத்தது தங்கிவிட்டதால், சூல்பால் ஆகாது என்று மார்பில் வேப்பிலையை அரைத்துப் பூசி அவனுக்குப் பாலை மறக்கடித்திருந்தாள். அன்று தொட்டுப் பிள்ளை சவலைதான். கைகால் குச்சியாகி வயிறு மட்டும் முன்னால் நின்றது. யுத்த காலம், சாமைக் கஞ்சிக்கே இழுபறி. அந்த உடம்புக்குத்தான் நேற்றிலிருந்து நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

வசம்பைச் சுட்டு இழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசியாயிற்று. புருஷன் காளியன் மந்திரிக்கிறவரைக் கூட்டிவரப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தான். துணைக்கு அவன் அண்ணன் பெண்டாட்டி பழனியம்மாள் வந்து உட்கார்ந்திருந்தாள். வரிசையாகப் பிள்ளை பெற்று வளர்த்தவள் என்பதால் அவள் சொல்லுக்கு அந்த வீட்டில் எதிர்ச்சொல் கிடையாது.

"ண்ணி, ண்ணி" என்று செல்லன் முனகினான். அழுதான், கண்ணீர் வரவில்லை.

"அக்கா, ஒதட்டையாச்சும் நனச்சு வுடட்டுமா?"

"வேண்டாம் கருப்பி. வயித்தக் காயப்போட்டாத்தான் நிக்கும். மனச இறுக்கிக்க. பையன் பொழைக்கணுமா வேண்டாமா?"

பிழைக்க வேண்டும். அதற்காகத்தான் தண்ணீர்ப் பானையைப் பிள்ளைக்கு எட்டாமல் உறியில் தூக்கி வைத்திருந்தாள். போன வருஷம் மூத்தவள் குள்ளம்மாள் போனதும் இதே வயிற்றாலையில்தான். அப்போதும் கருப்பி பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீரைக் காட்டாமல்தான் இருந்தாள். விதி முடிந்துவிட்டது, நீ என்ன செய்வாய் என்று ஊரே தேற்றியது.

உச்சி வேளையில் மாட்டை நிழலில் கட்டப் பழனியம்மாள் எழுந்து போனாள். கருப்பி அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுத் திரும்பினால், செல்லன் உறிக்குக் கீழே குப்புறக் கிடந்தான். பானை கசிந்து ஈரமான மண்தரையை நக்கிக்கொண்டிருந்தான்.

பெற்ற பிள்ளையை மண்ணை நக்க வைத்துவிட்டோமே என்று பதறி ஓடினாள். வாரி எடுத்தாள். கண் குழிக்குள் போயிருந்தது, தோலைக் கிள்ளினால் கிள்ளின இடம் அப்படியே நின்றது. இவன் தேறமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாகிற பிள்ளை நாவறண்டு சாக வேண்டாம் என்றுதான் பானையை இறக்கினாள். காப்பாற்றும் எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. இது கொன்றுவிடும் என்று நம்பியேதான் முதல் வாய்த் தண்ணீரை ஊற்றினாள்.

பழனியம்மாள் திரும்பி வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்ன காரியம் பண்ணிட்ட கருப்பி."

"போற உசுரு, குடிச்சுட்டுப் போவட்டும் அக்கா."

பழனியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அக்கம்பக்கத்தில் சொல்லப் போனாள். செல்லன் குடித்ததைக் கக்கினான். கருப்பி மறுபடியும் ஊற்றினாள். பிறகு சாமைக் கஞ்சியைத் தெளிய வைத்து, உப்புக்கல் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். துக்கத்துக்கு வந்த பெண்கள் சுவரோரம் உட்கார்ந்து அவளையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அவள் மடி சூடாக நனைந்தது. காலையிலிருந்து மூத்திரமே போகாத பிள்ளை மூத்திரம் பெய்திருந்தான். கண்ணைத் திறந்து அவள் கையிலிருந்த சுரைக்குடுக்கையைத் தன் பக்கம் இழுத்தான்.

மந்திரிக்கிறவரோடு காளியன் வந்து சேர்ந்தபோது பிள்ளை தாய் மடியில் உட்கார்ந்திருந்தான். தான் ஊர் எல்லையில் கால் வைத்ததுமே பிள்ளையைப் பிடித்திருந்த காற்று விலகிவிட்டது என்றார் வந்தவர். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். காளியன் சந்தோஷத்தில் பிள்ளையின் தலையைத் தடவினான். கருப்பியோ தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.

"அதான் பொழச்சுக்கிட்டானே புள்ள, இன்னும் எதுக்கு அழுவுற?"

"தண்ணிதான் குடுத்தேன். வேற மருந்து ஒண்ணும் குடுக்கல."

"செரி, என்னத்தையோ குடுத்த. பொழச்சுக்கிட்டான்ல."

"குள்ளம்மாளும் தண்ணிதான் கேட்டா" என்றாள் கருப்பி.