நுனிச் சர்க்கரை

“அத்தை, மாமாவோட ரத்தம் என்ன குரூப்?”

மருமகள் மூச்சிரைக்க வந்து நின்றாள். நான் வார்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். தையல்காரிக்குக் கை சும்மா இருந்தால் மனசு கண்டபடி ஓடும். உள்ளே அவர், குடலில் கட்டியோடு, மத்தியான ஆபரேஷனுக்காகப் பட்டினி கிடந்தார். ரத்தம் தயாராக இருந்தால்தான் கத்தியைத் தொடுவேன் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த ரத்தத்தைப் பொருத்திப் பார்த்து அனுப்புவது அதே ஆஸ்பத்திரியின் ரத்த வங்கி. என் மருமகளுக்கு அங்கேதான் வேலை.

“ஏ. இது என்ன கேள்வி? நீதானே காலையில ஊசி போட்டு எடுத்துட்டுப் போனே?”

“நிச்சயமா ஏ தானா?”

“கல்யாணத்துக்கு முன்னாடியே ரத்த தானம் பண்ணிட்டுத் திரிஞ்ச மனுஷன்மா. நான் ஏ குரூப், ஏ குரூப்னு பீத்திக்குவார். ஏன், முகம் ஏன் இப்படி வெளிறிக் கிடக்கு?”

“ஏபின்னு வருது, அத்தை.”

“வந்தா வந்துட்டுப் போகுது. ஏபியை ஏத்துங்க.”

“அவர் நிஜத்துல ஏவா இருந்தா, ஏபி ஏத்தினா உயிருக்கே ஆபத்து. எதுன்னு தீர்மானமாகாம ஒரு பைகூட வெளிய போகாது. ஆபரேஷன் தள்ளிப்போயிடும். கட்டி குடலை அடைச்சுக்கிட்டு இருக்கு, தள்ளிப்போடவும் கூடாது.”

ஊசியைச் சட்டையில் குத்தி வைத்தேன். அவள் இன்னும் எதையோ மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். கண் என் முகத்துக்கு வருவதும், தரைக்கு ஓடுவதுமாக இருந்தது.

“மிச்சத்தையும் சொல்லு.”

“மிச்சம் ஒண்ணுமில்ல.”

“உன் புருஷன் என்ன குரூப்?”

“...ஓ.”

“ஏபி அப்பனுக்கு ஓ பிள்ளை பிறக்காதுன்னு எங்களை உட்கார வெச்சுப் பாடம் எடுத்தவ நீதானே?”

“ஐயோ அத்தை, நான் அப்படி நினைக்கவே இல்ல!”

“நினைக்காமத்தான் இத்தனை படி ஏறி ஓடி வந்தியா?”

அவள் அழுதேவிட்டாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பாழாய்ப்போன சிரிப்புதான் வந்தது.

உள்ளேயிருந்து குரல்: “என்ன அங்க மாநாடு?”

“உங்களுக்கு ஏபியாம். உங்க பிள்ளை உங்க பிள்ளை இல்லையாம்!”

“அத்தை!” என்று என் வாயைப் பொத்த வந்தாள்.

“அப்படியா? அவன் விடற குறட்டை பின்னே யாரோடதாம்?” என்றார் அவர். வாழ்நாளெல்லாம் வயர்மேன் வேலை பார்த்தவர். “எங்கயோ கம்பி மாறியிருக்கும்மா. அதுக்கு ஏன் அழறே? எனக்குப் பசிக்குது, அதுக்கு யாராவது அழுங்க.”

அந்த நேரம் பார்த்து அவளுடைய போன் அடித்தது. ரத்த வங்கியின் தலைமைக்காரி. எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் ரத்தச் செல், சர்க்கரை என்று போய் நிற்பதால் சர்க்கரை அக்கா என்றே பெயர். ஸ்பீக்கரில் போடாமலேயே அந்த அக்காவின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது.

“எங்கடி ஓடினே? சொந்தக்காரங்க சாம்பிளைத் தொடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?”

“மாமா கை நடுங்கும்க்கா, வேற யாராவது குத்தினா வலிக்கும்னு...”

“ஊசி குத்தினது சரி. சோதனையையும் ஏன் நீயே பண்ணினே? அதுவும் பாதியில விட்டுட்டு! செல்லைப் பார்த்தே, மேல தெளிஞ்சு நிக்கற சீரத்தைப் பார்த்தியா?”

மருமகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“இங்க உங்க மாமா சீரம் நம்ம பாட்டில்ல இருக்கற பி செல்லையெல்லாம் கட்டி கட்டியா ஆக்கி வெச்சிருக்கு. ஏபிக்காரர் சீரம் தன்கிட்டயே இருக்கற பியை எதிர்த்து அப்படிப் பண்ணுமா?”

“பண்ணாது.”

“அவர் செல்லுல பி எப்படித் தெரிஞ்சுது? பலமாவா?”

“இல்லக்கா... பொடிப்பொடியா, மெலிசா.”

“ஆளுக்குக் குடல்ல கட்டி. இப்பச் சொல்லு பார்ப்போம்.”

“கிருமி!” என்று கத்தினாள் மருமகள். கத்திவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “கிருமிதான்க்கா. எனக்கு ஏன் தோணல?”

“நீ அங்க மருமகளா நின்னே, அதான் தோணல.”

நான் போனைப் பிடுங்கினேன். “எனக்கும் புரியற மாதிரி சொல்லுங்கம்மா. பிள்ளையைப் பெத்தவ நான்தான்.”

அந்தப் பக்கம் சிரிப்பு. “செல்லுக்கு மேல ஒரு மெல்லிசு உறை இருக்குங்கம்மா. அது மேல சர்க்கரைச் சங்கிலிங்க ரோமம் மாதிரி சிலிர்த்துக்கிட்டு நிக்கும். டீயில போடற சர்க்கரை இல்ல, அதுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சிங்க. யார் நம்ம ஆளு, யார் வெளியாளுன்னு உடம்பு அதைத் தடவிப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கும். ரத்தச் செல்லுல அந்தச் சங்கிலி நுனியில ஒரு சர்க்கரை இருந்தா ஏ, வேற ஒண்ணு இருந்தா பி, ரெண்டு வகையும் இருந்தா ஏபி. ரெண்டும் இல்லாம மொட்டையா நின்னா ஓ.”

“இவருக்கு?”

“இவர் பொறந்ததுலேருந்து ஏ தான். குடல்ல கட்டி புண்ணாகி, அங்க இருக்கற கிருமியோட சரக்கு ரத்தத்துல கலந்திருக்கு. அது ஏ சர்க்கரையில ஒரு பொட்டுத் துண்டைக் கத்தரிச்சு எடுத்துடுது. கத்தரிச்சது பி மாதிரியே இருக்கும். சோதனைக்கு நாங்க ஊத்தற மருந்து ஏமாந்துடும்.”

“காலரை வெட்டிட்டா வேற சட்டை மாதிரி தெரியுமே, அப்படி.”

“அதே! ஏமாறாத மருந்து ஒண்ணும் இருக்கு. அதை வெச்சும் பார்த்துட்டேன், பி காணாமப் போச்சு. ஏ பையைப் பொருத்திப் பார்த்துத் தயாரா வெச்சிருக்கேன். உங்க மருமகளை அங்கயே உட்காரச் சொல்லுங்க. இன்னிக்கு இங்க வந்தா உதைப்பேன்.”

ரத்தப் பை வந்தது, அவரும் ஆபரேஷனுக்குப் போனார். தள்ளுவண்டியில் படுத்தபடியே, “பிள்ளை எனக்கே எனக்குத்தானே? உறுதியாயிடுச்சா?” என்று கேட்க, மருமகள் முந்தானையில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் டாக்டர் முகக்கவசத்தை இறக்கிவிட்டு வந்தார். கட்டி முழுவதும் வெளியே வந்துவிட்டதாம், ரத்தமும் நன்றாக ஒத்துக்கொண்டதாம். டாக்டர் அந்தப் பக்கம் போனதும், மருமகள் என் தோளில் தலையைச் சாய்த்தாள்.

“கோபமா, அத்தை?”

“எதுக்கு? உன் புருஷன்கிட்ட ஓடியிருக்கலாம். வாயை மூடிக்கிட்டு உள்ளுக்குள்ளயே வெச்சிருக்கலாம். நேரா என்கிட்டத்தானே வந்தே.”

என் மடியில் கிடந்த சட்டையின் பொத்தானைத் திருகினாள். பிறகு மெல்ல, “ஒருவேளை நிஜமாவே அப்படி இருந்திருந்தா?”

“இருந்திருந்தா உன்கிட்டத்தான்டி முதல்ல சொல்லியிருப்பேன். வேற யார் இருக்காங்க எனக்கு?”