எழுந்தால் ஒரு சேலை

பனகல் பார்க் பக்கத்துப் பட்டுச் சேலைக் கடையில், காலை மடக்கி மெத்தையில் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். எழுபத்து மூன்றாம் வருஷம், ஆவணி முகூர்த்த சமயம், இடுப்புக்குக் கீழே பின்பக்கம் ஒரு வலி வந்தது பாருங்கள்! நான் தும்மினால் பார்க்கில் இருந்த காக்கையெல்லாம் பறந்தது.

"ஆபரேஷன்தான்" என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆபரேஷன் என்றால் மாசக்கணக்கில் படுக்கை. திரும்பி வரும்போது கடையில் என் மெத்தையில் வேறொருவன் இருப்பான். கத்தியைவிட அதுதான் எனக்குப் பயம். மனைவி தங்கபுஷ்பமோ, கத்தி படாமல் குணமானால் வடபழனி முருகனுக்கு மொட்டை என்று வேண்டிக்கொண்டாள். என் தலையைத்தான்!

மயிலாப்பூர் டாக்டர் கனகராஜ் என்னைப் புரட்டிப் புரட்டி அமுக்கினார். ஓரிடத்தில் விரல் பட்டதும் நான் போட்ட கூச்சலில் லஸ்ஸில் பஸ்ஸே நின்றுவிட்டது.

"முதுகெலும்பு இடுப்பெலும்போட சேர்ற மூட்டு இது. கால் மரத்துப் போகுதா? காய்ச்சல்? எங்கயாவது விழுந்தீங்களா?"

"இல்லீங்க."

"எக்ஸ்ரேயும் சுத்தம். அப்போ கத்திக்கு இப்ப வேலையே இல்ல. பெல்ட் போடுங்க, பயிற்சி பண்ணுங்க, அரைமணிக்கொரு தரம் எழுந்து நில்லுங்க. ஆறு மாசம் ஒழுங்கா செஞ்சும் அடங்காம, வலி இந்த மூட்டுலேர்ந்துதான்னு உறுதியும் ஆச்சுன்னா, அப்ப ஆபரேஷனைப் பத்திப் பேசலாம்."

நிற்பதா! எங்கள் கடையில் சேல்ஸ்மேன் எழுந்து நின்றால், வந்தவர்களைப் போகச் சொல்வதாக அர்த்தம். முதலாளி சண்முகசுந்தரம் அண்ணாச்சியிடம் நடுங்கிக்கொண்டே சொன்னேன்.

"நில்லுல. ஏவாரம் போனா வரும், இடுப்பு வருமா?" என்றார், முகம் மட்டும் வேப்பங்காய் தின்றதுபோல.

மறுநாள் ஓர் அம்மாள் மலைபோலச் சேலையைப் பிரித்துப் போட்டுவிட்டு முழித்துக்கொண்டிருந்தார். அரைமணி ஆயிற்று, எழுந்தேன். அவர் பதறிப்போனார்.

"இருப்பா, கோச்சுக்காதே! அந்த அரக்குச் சேலையையே குடுத்துடு."

அடுத்து வந்தவரும் அப்படியே. எழுந்தால் ஒரு சேலை!

மாசி பிறந்தபோது டாக்டர் அதே இடத்தை அமுக்கினார். எனக்குக் கிச்சுகிச்சுதான் மூட்டியது.

"கத்தி வேண்டாம், ஓடுங்க" என்றார். கையில் கத்தி இருந்தும் எடுக்காத அந்த மகராசனை, இன்றைக்கும் காலைப் பயிற்சியில் நினைத்துக் கும்பிடுகிறேன்.

மொட்டைத் தலையோடு கடைக்குப் போய் அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். கண் கலங்க என் தோளைத் தட்டினார்.

"ரொம்ப சந்தோசம்ல. ஆனா அந்த நிக்கிறத மட்டும் விட்டுராத!"