மேல்மாடத்துச் சீட்டி

செத்து இரண்டாயிரம் வருஷம் ஆனவர்கள் மீது கோபப்பட்டு என்ன பயன்? ஆனாலும் ரோமானியர்கள் மீது எனக்கு இன்னும் ஆறவில்லை. எங்கள் ஊர் ஓபரா அரங்கைப் புதுப்பிக்க மேடைக்கடியில் தோண்டினார்கள். அவர்கள் கட்டிவிட்டுப் போன குளியலறைச் சுவர் ஒன்று தலைகாட்டியது. தொல்லியல்காரர்கள் ஓடிவந்து கயிறு கட்டினார்கள். இரண்டு வருஷ வேலை ஏழு வருஷம் இழுத்தது. அதுவரை ஊர்க் கோடியில் காலியாகக் கிடந்த பஸ் பணிமனையில் பாடினோம். மழை பெய்தால் தகரக் கூரைதான் கதாநாயகி.

நானும் என் கணவன் துயிலியோவும் கோரஸில் பாடுகிறவர்கள். அவனுக்கு நல்ல கனத்த குரல். இளவயதில் ஒருமுறை, உடம்புக்கு முடியாத பாடகருக்குப் பதிலாக ராஜா வேடம் கட்டித் தனியாகப் பாடினான். நடுவில் குரல் உடைந்தது. எங்கள் அரங்கின் மேல்மாடத்து ஆட்கள் சும்மா விடுவார்களா? மலிவு டிக்கெட்டில் மூன்று மணி நேரம் நின்றுகொண்டே கேட்கிறவர்கள்; பிடிக்காவிட்டால் சீட்டி பறக்கும். அன்றைக்கு முதலில் சீட்டி அடித்தவன் பன்றிக்கறிக் கடை ப்ரீமோ. மறுநாள் காலை அதே ப்ரீமோ எங்களுக்கு ஹாம் சீவியபடி, "நேத்து படு மோசம் துயிலியோ. இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்றான்.

அதற்கப்புறம் துயிலியோ தனியாகப் பாடவே இல்லை. ஆனால் ப்ரீமோ வாயால் ஒரு 'பிராவோ' வாங்காமல் ஓய்வதில்லை என்ற வெறி உள்ளே கிடந்தது. கூடப் படுக்கிறவளுக்குத் தெரியாதா?

பணிமனையில் ஒரு குளிர்காலத்தில் பெரிய பாடகர் காய்ச்சலில் விழுந்தார். ஆள் கேட்டார்கள். துயிலியோ சட்டென்று தலையாட்டியதில் எனக்கே ஆச்சரியம்.

"பஸ் ஷெட்டுதானே நெரினா? இங்க பாடறதெல்லாம் கணக்குல வராது" என்றான்.

கணக்கில் வராது என்ற தைரியத்தில் அவன் அன்று பாடினான் பாருங்கள், பின்னால் நின்ற நான் என் வரியையே கோட்டைவிட்டேன். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து ப்ரீமோ எழுந்து, தொப்பியைக் கழற்றி, "பிராவோ!" என்று கத்தினான். வெளியே பனிமூட்டத்தில் எங்களுக்காகக் காத்தும் நின்றான்.

"துயிலியோ, இந்தப் பாட்ட இப்படி நான் கேட்டதே இல்லடா."

"போடா, கால நீட்டி உக்காந்துக்கிட்டு யார் வேணா சொல்லலாம். மாடத்துல நின்னு சொல்லு, ஒத்துக்கறேன்."

"அடப்பாவி, கத்துன தொண்டை அதே தொண்டைதானே?"

"இடம் அது இல்லையே!"

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காத்துக் காத்துக் கிடைத்ததைக் கை நீட்டி வாங்கத் தெரியாதவனை என்ன சொல்ல? இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

அடுத்த பருவத்துக்கு மேலாளர் இரண்டு நல்ல வேடங்கள் தந்தார். வேண்டாம் என்றுவிட்டான்.

"நம்ம அரங்கம் தெறக்கட்டும். குரல பத்திரமா வெச்சிருக்கேன்."

"குரல் என்ன ஹாமா, தொங்கவிட்டா ருசி ஏற?" என்று கத்தினேன். சமைக்காமல்கூட இருந்து பார்த்தேன். மனிதன் அசையவில்லை. ஞாயிறுதோறும் பழைய அரங்கைச் சுற்றிப் போட்ட தகரத் தடுப்பின் ஓட்டை வழியாக உள்ளே எட்டிப் பார்ப்பான். உள்ளே தொல்லியல்காரப் பெண் ஒருத்தி பல் தேய்ப்பதுபோல் அந்த ரோமானியச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். வருஷங்கள் அப்படியே போயின.

ஒருவழியாகத் திறந்தார்கள். தங்கப் பூச்சு, புது வெல்வெட், எல்லாம் கண்ணைப் பறித்தது. மேலாளர் நல்ல மனுஷன், ராஜா வேடத்தை அவனுக்கே கொடுத்தார். ஆனால் ஒத்திகையிலேயே தெரிந்துவிட்டது. அடி சுரங்களில் வெறும் காற்றுதான் வந்தது. மேலே போனால் குரல் நடுங்கியது.

"முடியலைன்னு சொல்லிடு" என்றேன்.

"பயந்துட்டான்னு பேசுவானுங்க."

பாடினான். குரல் உடைந்தது, ஒரு தடவையல்ல. நான் மேல்மாடத்தைப் பார்த்தேன். முட்டி தேய்ந்த ப்ரீமோ எத்தனை படி ஏறி வந்தானோ, கம்பியைப் பிடித்தபடி தன் கூட்டத்தோடு நின்றான். சீட்டி வரவில்லை. பாட்டு முடிந்ததும் அவன் மெதுவாக, மரியாதையாகக் கை தட்டினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள்.

புது பெயிண்ட் வாசம் போகாத ஒப்பனை அறையில் துயிலியோ கிரீடத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"நல்லாதான் கை தட்டுனாங்க" என்றேன்.

"ப்ரீமோ தட்டினத பாத்தியா?"

"ம்."

"அவன் யாருக்கும் பாவம் பாக்கறவன் இல்ல நெரினா." கண்ணாடியைப் பார்க்காமல் முகத்து மாவைத் துடைத்தான். "ஒரே ஒரு சீட்டி அடிச்சிருக்கலாம்ல?"