பர்மாக்காரி வேஷம்

தேவநாதனின் கார்டு புதன்கிழமை காலைத் தபாலில் வந்தது.

'நீ நடித்த படம் வெள்ளிக்கிழமை சிதம்பரத்துக்கு வருகிறது. மா கின் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். எங்கள் அண்ணன் நடித்த படம் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். முடிந்தால் நீயும் வா.'

கடலூர் முதுநகரில், தன் வீட்டு வாசலில் நின்றபடியே சபாபதி அதை மூன்று தடவை படித்தான். பிறகு உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தான். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

சபாபதிக்கு முப்பத்து நாலு வயது. பதினாறு வருஷம் நாடகக் கம்பெனியில் காமிக் பார்ட் போட்டவன். வெள்ளைக்காரத் துரை வேஷம் அவனுக்குப் பெயர் வாங்கித் தந்தது. முகத்தில் மாவு அப்பி, தலையில் தொப்பியைக் கவிழ்த்து, "யூ டமில் மன்சன்" என்று அவன் மேடைக்கு வந்தால் கொட்டகை அதிரும். ஒரு தடவை சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் திரைக்குப் பின்னால் வந்து எச்சரித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து கூட்டம் இரட்டித்தது.

போன வருஷம், நாற்பத்து மூன்றில், சினிமாக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. படத்தின் நடுவே வரும் காமிக் பகுதி. பர்மாவுக்குப் பிழைக்கப் போன ஒருவன் அங்கே இரண்டாவது கல்யாணம் செய்துகொள்கிறான். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் அவளை விட்டுவிட்டு ஊருக்கு ஓடி வருகிறான். அவள் தேடிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறாள். மூத்தவள் துடைப்பத்தை எடுக்கிறாள். அந்தப் பர்மாக்காரி வேஷம் சபாபதிக்கு.

"பர்மாப் பொம்பளயப் பாத்திருக்கியா?" என்று டைரக்டர் கேட்டார்.

"எங்க சொந்தத்துலயே இருக்குதுங்க" என்றான் சபாபதி.

சொந்தம்தான். தேவநாதன் அவனுடைய மாமன் மகன். பர்மாவில் பெகு நகரத்து அரிசி மில்லில் குமாஸ்தாவாக இருந்தவன், நாற்பத்திரண்டில் தன் பர்மாக்கார மனைவி மா கின்னோடு மலைவழியே நடந்து வந்து சேர்ந்தான். சொந்தக்காரர் யாரும் அவர்களை வீட்டுக்குள் விடவில்லை. சபாபதிதான் சிதம்பரம் மாலைகட்டித் தெருவில் ஓர் அறை பிடித்துக் கொடுத்து, ஒரு மாதம் கூடவே தங்கி ஒத்தாசை செய்தான். மா கின் அவனை அண்ணே என்று கூப்பிட்டாள். அவனுக்கு மீன் பிடிக்கும் என்று தெரிந்து, தனக்கு மலேரியாக் காய்ச்சல் விட்டிருந்த நாட்களில் எல்லாம் மீன் சமைத்துப் போட்டாள்.

அந்த ஒரு மாதத்தில் அவள் நடையை அவன் பார்த்திருந்தான். கொண்டையை உச்சியில் முடிவதை, கன்னத்தில் மரப்பட்டைச் சாந்து பூசுவதை, சுருட்டை இரண்டு விரலால் பிடிப்பதை எல்லாம் பார்த்திருந்தான். வேண்டுமென்று பார்க்கவில்லை. நடிகனுடைய கண் அப்படி. ஸ்டூடியோவில் விளக்கு எரிந்ததும் எல்லாம் தானாக வந்தது. பேச்சுக்குத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. காய்ச்சல் ஏறிய ஒரு மத்தியானம் அவள் மார்பில் அடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு சொல் நினைவுக்கு வந்தது. துடைப்ப அடி விழும்போது அதையே அலறினான்.

"ஙா தமீ லே! ஙா தமீ லே!"

மூத்தவள் வேஷக்காரி சட்டென்று கேட்டாள்: "தமிழா? இதுவாடி தமிழு?"

காமிராக்காரர் சிரித்த சிரிப்பில் அந்தக் காட்சியை இரண்டாம் முறை எடுக்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை ரயிலில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. ஆலப்பாக்கம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி நின்று, பட்டாளத்து வண்டிக்கு வழிவிட்டு நகர்ந்தது. என்ன சொல்லி அவளைத் தடுப்பது என்று சபாபதி யோசித்தபடி வந்தான். படம் நன்றாக இல்லை என்று சொல்லலாம். கொட்டகையில் காலரா என்று சொல்லலாம். எல்லாம் பொய்யாகத் தெரியும். அவள் தன்னை அடையாளம் கண்டுகொள்வாளா? நடையைப் பார்த்தால் ஊரே கண்டுகொள்ளும்.

தேவநாதன் வேலை பார்த்த நெல் மண்டிக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

"வா மச்சான்! இன்னா இப்படி வேர்த்துப் போய் வர்றே?"

"மச்சான், தங்கச்சிய படத்துக்கு அனுப்பாத."

"ஏன்?"

சபாபதி சொன்னான். பெண் வேஷம் என்று மட்டும் முன்பு சொல்லியிருந்தவன், இப்போது முழுவதும் சொன்னான். தேவநாதன் முகம் சுருங்கியது. ஆனாலும் சிரிக்கப் பார்த்தான்.

"சரி விடு. வேஷந்தான? தொரைய கூடத்தான் கிண்டல் பண்ண. அவ தப்பா நெனைக்க மாட்டா. பேச்சு இன்னா பேசின? உனக்குத்தான் பர்மா பாஷை தெரியாதே."

"காய்ச்சல்ல அவுங்க சொல்லுவாங்களே ஒண்ணு. ஙா தமீ லேன்னு. அதத்தான் போட்டேன்."

தேவநாதன் கையிலிருந்த பேனாவை வைத்தான். 

"அதுக்கு இன்னா அர்த்தம்னு அன்னிக்கே எங்கிட்ட கேட்டியே, ஞாபகம் இருக்கா?"

"பெனாத்துறான்னு சொன்னே."

"ஆமா. சொல்ல முடியல." அவன் குரல் தாழ்ந்தது. "எம் பொண்ணேன்னு அர்த்தம் மச்சான். எங்களுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சி. மூணு வயசு. வர்ற வழியில, மலையில, வாந்தி பேதியில போயிடுச்சி. கைக்குக் கெடச்ச கல்ல போட்டு மூடிட்டு நடந்தோம். இங்க யார்கிட்டயும் சொல்லல. பொண்டாட்டியவே ஏத்துக்காதவங்ககிட்ட புள்ளயப் பத்தி இன்னா சொல்றது?"

சபாபதி அவன் தோளைப் பிடித்தான். "தங்கச்சி எங்க?"

"மேட்னிக்குப் போயிட்டா. பக்கத்து வீட்டுப் பொம்பளைங்களோட. மூணு மணிக்கே ஆரம்பிச்சிட்டாங்க."

இருவரும் ஓடினார்கள். கொட்டகை வாசலில் மானேஜர் சபாபதியைக் கண்டதும் மாலை வாங்கிவர ஆள் அனுப்பப் போனார். சபாபதி அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், ஒரு ஒதவி. அந்தப் பர்மாக்காரி சீனு வர்ற ரீலு, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் போடாதீங்க."

"வெளையாடுறியா? படத்துல நிக்கிறதே அது ஒண்ணுதான். அத எடுத்தா பெஞ்ச ஒடைப்பானுங்க."

"உள்ள எங்க வீட்டுப் பொம்பள இருக்காங்க."

"இருக்கட்டுமே. நல்லா சிரிக்கட்டும்."

உள்ளே படம் பாதிக்கு வந்திருந்தது. பெண்கள் பக்கம் போக முடியாது. குறுக்கே இடுப்புயரத் தட்டி. அதன் ஓரமாக நின்று சபாபதி தேடினான். நாலாவது பெஞ்சில், உச்சிக் கொண்டையில் மல்லிகைச் சரத்தோடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டால் கேட்காது. வெளியே வரச்சொல்லி ஆள் அனுப்பலாமா என்று அவன் திரும்பியபோது திரையில் அவனே வந்துவிட்டான்.

குறுகுறு நடை, சுருட்டு, கன்னத்தில் வட்டமாகச் சாந்து. கொட்டகை கைதட்டியது. மா கின்னும் கைதட்டினாள். பக்கத்திலிருந்தவளிடம் குனிந்து ஏதோ சொன்னாள், இதுதான் எங்கள் அண்ணன் என்று சொல்லியிருப்பாள். பிறகு அவள் கை மெல்லக் கீழே இறங்கியது. திரையில் இருந்த நடை யாருடையது என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனாலும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கூச்சத்தோடு சிரித்தாள்.

துடைப்பம் வந்தது. "ஙா தமீ லே!"

கொட்டகை வெடித்தது. தரை டிக்கெட்டில் உருண்டார்கள். "இதுவாடி தமிழு?" என்று மூத்தவள் கேட்டதும் பின்வரிசை ஆள் ஒருவன் எழுந்து அதையே திருப்பிக் கத்தினான். மா கின் அசையவில்லை. சிரிக்கத் திறந்த வாய் அப்படியே இருந்தது. பக்கத்துப் பெண் அவள் தோளைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து போய்விடுவாள் என்று சபாபதி எதிர்பார்த்தான். போகவில்லை. 'சுபம்' விழும்வரை உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்தபோது கூட்டத்தில் யாரோ அவளைப் பார்த்து, "ஏ, தமீ லே!" என்றார்கள். நாலைந்து குரல் சேர்ந்துகொண்டது. தேவநாதன் அவள் பக்கத்தில் போய் நடந்தான். சபாபதி பத்தடி பின்னால் போனான்.

வீட்டில் அவள் இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவள் காலில் விழுந்துவிடலாமா என்று சபாபதிக்கு இருந்தது. அதுவும் நடிப்பாகிவிடுமோ என்று பயந்து சும்மா இருந்தான்.

"தெரியாம பண்ணிட்டேன் தங்கச்சி."

"தெரியும் அண்ணே. தெரிஞ்சா பண்ண மாட்டீங்க." அவள் தரையைப் பார்த்தபடி பேசினாள். "நடை போட்டீங்க, பரவால்ல. சுருட்டு, அதுவும் பரவால்ல. எனக்கே சிரிப்பு வந்துச்சி. ஆனா தெரியாத வார்த்தைய ஏன் அண்ணே எடுத்தீங்க? எங்கிட்ட கேட்டிருந்தா வேற நல்ல வார்த்தை குடுத்திருப்பேனே."

பிறகு அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அத எடுத்துட முடியுமா?"

"கேட்டுப் பாக்கறேன்."

கேட்டான். கம்பெனிக்கு இரண்டு கடிதம் எழுதினான். படம் ஓடுவதே அந்தக் காட்சியால்தான், பைத்தியமா என்று பதில் வந்தது. தேவநாதனிடமிருந்தும் ஒரு கார்டு வந்தது. தெருவில் எல்லாரும் அவளை இப்போது அந்தச் சொல்லால்தான் கூப்பிடுகிறார்கள், குளத்துக்குத் தண்ணீர் எடுக்கப் போவதையே நிறுத்திவிட்டாள், பகலிலும் கதவைச் சாத்தி வைத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தது. அதன் பிறகு சபாபதிக்குத் தெருவில் யார் சிரித்தாலும் திக்கென்றது. நெல்லிக்குப்பத்தில் படம் ஓடுகிறது என்றார்கள். பண்ருட்டிக்குப் போகிறது என்றார்கள். படப் பெட்டி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது வாரம் அது திருப்பாதிரிப்புலியூருக்கு வந்தது. கொட்டகை முதலாளி கலியமூர்த்தி வண்டி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு முன்னால் சபாபதி அதே வேஷத்தில் மேடையில் தோன்றி நாலு வார்த்தை பேச வேண்டும் என்று நோட்டீஸ்கூட அடித்துவிட்டார்.

சபாபதி போனான். வேஷம் கட்டவில்லை. வேட்டி சட்டையோடு மேடையில் ஏறினான்.  பதினாறு வருஷத்தில் வேஷமில்லாமல் அவன் மேடை ஏறியதில்லை.

"தமீ லே!" என்று கீழேயிருந்து கத்தினார்கள்.

"அதப் பத்தித்தான் சொல்ல வந்தேன்" என்றான். "அதுக்கு எம் பொண்ணேன்னு அர்த்தம். பர்மாவுலேர்ந்து நடந்து வந்த ஒரு தாய், வழியில செத்துப்போன கொழந்தைய நெனச்சி அழுத வார்த்த அது. நான் அர்த்தம் தெரியாம களவாண்டு வந்து உங்கள சிரிக்க வச்சேன். நீங்க சிரிச்சது உங்க தப்பு இல்ல. இனிமே சிரிக்காதீங்க."

 பிறகு ஒருவன், "சரி, தெரிஞ்சிபோச்சி, படத்தப் போடு!" என்றான். பலர் சிரித்தார்கள். படம் ஓடியது. அந்தக் காட்சி வந்தபோதும் சிரிப்பு வந்தது. முன்பைவிடக் குறைவு என்று சொல்லித் தன்னைத் தேற்றிக்கொள்ள அவனால் முடியவில்லை.

கலியமூர்த்தி ஆபீஸ் அறையில் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாய்யா பேச்சு பேசின? தொரை வேஷம் கட்டினியே, எந்தத் தொரைசானிக்கு எந்தப் புள்ள செத்துதுன்னு விசாரிச்சிட்டா கட்டின? எல்லாம் வேஷந்தான?"

சபாபதி யோசித்தான். "தொரைய நடிச்சப்ப பயந்துகிட்டே நடிச்சேன் மொதலாளி. புடிச்சி உள்ள போட்டுடுவாங்களோன்னு. இத பயமே இல்லாம நடிச்சேன். இவுங்களால நம்மள இன்னா பண்ண முடியும்னு. எனக்குத் தெரிஞ்ச வித்தியாசம் அவ்ளோதான்."

"இனிமே எந்தக் கம்பெனி உன்னக் கூப்புடுதுன்னு பாக்கறேன்" என்றார் கலியமூர்த்தி.

வாசலில் ஒரு பெண் காத்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை.

"நீங்க சொன்னீங்களே, அந்தப் பொண்ணு எங்க இருக்குது?"

"சிதம்பரத்துல. நீங்க யாரு?"

"சவரியம்மாள். இங்க முதுநகர்ல மாதா கோயில் பக்கம். எம் புருசன் ரங்கோன் ஹார்பர்ல வேலை பாத்தாரு. இருவது வருசம் அங்கதான். நாங்களும் அதே மலையிலதான் வந்தோம்." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்கும் ஒருத்தன் அங்க இருக்கான். பதினோரு வயசு. அந்தப் பொண்ணுகிட்ட நான் பர்மா பாஷையில பேசுவேன். கூட்டிகிட்டுப் போறீங்களா?"

மறுநாள் காலை வண்டியில் அவளை அழைத்துக்கொண்டு சிதம்பரம் போனான். வழியெல்லாம் அவனுக்கு ஒரே குழப்பம். ஆறிய புண்ணைக் கிளறுவதாகிவிடுமா? மா கின் தன்னை வாசலிலேயே நிறுத்திவிடுவாளா? இந்த அம்மாவுக்கு உண்மையில் பர்மா பாஷை பேசத் தெரியுமா?

கதவு சாத்தியிருந்தது. தேவநாதன் திறந்தான். பின்னால் மா கின் நின்றாள். சவரியம்மாள் வாசற்படியில் நின்றபடியே ஏதோ ஒரு வாக்கியம் சொன்னாள்.  மா கின் இரண்டடி முன்னால் வந்து அந்த அம்மாளின் இரண்டு கையையும் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள்.

சபாபதியும் தேவநாதனும் தெருவோரக் கல்லில் உட்கார்ந்தார்கள். உள்ளேயிருந்து பேச்சு வந்தது. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து. நடுவே நீண்ட அழுகை. சபாபதி எழுந்துவிட்டான். தேவநாதன் அவன் வேட்டியைப் பிடித்து உட்காரவைத்தான்.

"அழட்டும். ரெண்டு வருசமா அவ பாஷையில அழ ஆள் இல்ல. எனக்குத் தெரிஞ்ச பர்மா பாஷை மில்லுல பேசற பாஷை."

வெயில் ஏறியது. பதினொரு மணிக்கு மேல் அழுகை நின்றது. சாமான் உருளும் சத்தம் கேட்டது, எண்ணெய் வாசனை வந்தது. பிறகு, சற்றும் எதிர்பாராமல், சிரிப்பு. சவரியம்மாள் பெரிதாகச் சிரித்தாள். மா கின் ஏதோ சொல்ல, மறுபடி சிரித்தாள்.

சபாபதி கதவையே பார்த்தான். ஒரு வார்த்தையும் புரியவில்லை.

"இன்னா மச்சான் சிரிக்கிறாங்க?"

தேவநாதன் எழுந்து கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தான். திரும்பி வந்தபோது அவன் முகத்தில் பல மாதங்களாக இல்லாத சிரிப்பு இருந்தது.

"உன்னத்தான். நீ வெத்தல போட்டுகிட்டு, தொப்பைய முன்னால தள்ளிகிட்டு நடப்பியே, அதப் போட்டுக் காட்டுறா. அச்சு அசலா இருக்குது."

சபாபதிக்குக் காது மடல் சுட்டது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தான். பிறகு வேட்டியை ஒதுக்கி மறுபடி கல்லில் உட்கார்ந்தான். உள்ளே சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆயிற்று. அவன் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தான்.