கவிழ்த்துப் பார்க்காத பூ

மஞ்சள் பூ என்றாலே செடிகளை அடையாளம் காண்பவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். சூரியகாந்திக் குடும்பத்தில் நூறு செடிகளுக்கு ஒரே முகம். பூவைக் கவிழ்த்து, அடியிலுள்ள பச்சைச் செதில்கள் எத்தனை வரிசை என்று பார்த்த பிறகுதான் பெயர் சொல்ல வேண்டும். இதையே இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லி, தாவர ஆய்வு ஆபீசில் அவளுக்குக் 'கவுத்துப்பாரு அக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது.

ரோடு போடப்போகும் மலைச்சரிவில் காப்பாற்ற வேண்டிய செடி ஏதும் உண்டா என்று பார்க்கப் போன அன்று மண்டையைப் பிளக்கும் வெயில். "எல்லாம் வெளியிலேர்ந்து வந்த களைதான், வழிச்சுப் போட்டுடலாம்" என்று நின்ற இடத்திலிருந்தே ரோடு இஞ்சினியரிடம் சொல்லிவிட்டாள். கடமைக்கு ஒரு கிளையை ஒடித்துக் காகிதங்களுக்கு நடுவே அழுத்திவைத்தாள்.

இன்று அதைத் தாளில் ஒட்ட எடுத்தபோது பூ தானாகவே கவிழ்ந்து கிடந்தது. செதில்கள் ஒரே வரிசை. களைக்கு இரண்டு வரிசை இருக்கும். இது இந்த மண்ணுக்கே உரிய செடி. நாற்பது வருஷமாக யார் கண்ணிலும் படாதது.

உடனே இஞ்சினியருக்குப் போன் போட்டாள்.

"சார், அந்தச் சரிவைத் தொட்டுடாதீங்க!"

"என்ன மேடம், நீங்க சொன்ன மறுநாளே வழிச்சாச்சே. இப்ப தார் போட்டுட்டிருக்காங்க."

விதையாவது தேறுமா என்று பூவைப் பிரித்துப் பார்த்தாள். எல்லாம் பிஞ்சு, ஒன்றுகூட முற்றவில்லை.

கிளையோடு அன்றைய குறிப்புச் சீட்டும் இருந்தது. 'சரிவில் எண்ணிக்கை' என்ற இடத்தில் அவள் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: ஏராளம்.