தொட்டிக்குப் பின்னால் ஒரு மஞ்சள் புதர்

அப்பாவின் வேலை மஞ்சள் புதரைப் பிடுங்குவது. யாரோ எப்போதோ வேலிக்காக வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட, மஞ்சளாகப் பூக்கும் முள்செடி அது. இப்போது மலைமேல் இருக்கும் தேசியப் பூங்காவின் புல்வெளியையே மூடிக்கொண்டு வருகிறது. அது பரவிய இடத்தில் புல் செத்துவிடும். மலையாடுகள் வேறு சரிவு தேடிப் போய்விடும். காலையில் கடப்பாரையோடு கிளம்பினால் அப்பா திரும்ப மாலையாகும். அம்மாவுக்கு மூட்டுவலி, மலை ஏற முடியாது. அப்பாவுக்குச் சமைக்க நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மேலே வந்தேன். காவல் குடிலில் பகல் முழுக்க நானும் காற்றும்தான்.

அதனால்தான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு புதர் இடுப்புயரம் வளர்ந்திருப்பதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அதில் ஒரு சாம்பல் குருவி கூடு கட்டியிருந்தது. நான் பாத்திரம் கழுவும்போது எதிர்க்கிளையில் வந்து உட்காரும். இங்கே வந்த பிறகு என் முகத்தைப் பார்த்து உட்கார்ந்த உயிர் அது ஒன்றுதான்.

வழக்கமாக ஓடையில் கைகால் கழுவும் அப்பா, ஒரு வெள்ளிக்கிழமை மதியமே வந்து தொட்டியடிக்குப் போனார். முகத்தில் தண்ணீர் அள்ளி அடித்தவர் அப்படியே நின்றார். பின்னால் ‘டக்’கென்று ஒரு சத்தம். முற்றிய காய் வெயிலில் வெடித்து விதை தெறிக்கும் சத்தம். அது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும்.

“நான் மலை மலையா ஏறி இதைத் தேடறேன். இது என் முதுகுக்குப் பின்னாடியே குடித்தனம் நடத்துதா?” என்றார். சிரிக்கவில்லை.

கூட்டில் மூன்று குஞ்சுகள் இருப்பதைச் சொன்னேன். திங்கட்கிழமை ரேஞ்சர் சோதனைக்கு வருவதை அவர் சொன்னார். புதர் கண்ணில் பட்டால் வேலையும் போகும், குடிலும் போகும். கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டை எட்டிப் பார்த்தார். மூன்று வாய்களும் அவரைப் பார்த்துத் திறந்தன.

“எப்ப பறக்கும்?”

“தெரியலப்பா. இறக்கை முளைச்சிடுச்சு.”

“திங்கக்கிழமை வண்டிச் சத்தம் கேட்கிற வரைக்கும்தான். பறந்தாலும் சரி, பறக்கலைன்னாலும் சரி. நீ வளர்த்தது, நீயே பிடுங்கு.”

இரண்டு நாளும் கத்தரிக்கோலால் காய்களை ஒவ்வொன்றாக வெட்டி டப்பாவில் போட்டேன். முள் கீறிக் கை எரிந்தது. தாய்க்குருவி விடாமல் என்னைத் திட்டியது. ஞாயிறு மாலை இரண்டு குஞ்சுகள் பாறைக்குப் பறந்துவிட்டன. மூன்றாவது குஞ்சு, கூட்டின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றது.

திங்கள் காலை, கீழே கொண்டை ஊசி வளைவில் ஜீப் உறுமியது. கடப்பாரையை வேரடியில் குத்தினேன். புதர் ஆடியது. குஞ்சு விழுவதுபோல் சரிந்து, புல்லை உரசி, எப்படியோ பாறைக்குப் போய்ச் சேர்ந்தது. மிச்சத்தையும் குத்திச் சாய்த்தேன்.

புதிதாகக் கிளறிய மண்ணைப் பார்த்து ரேஞ்சர் என்னவென்று கேட்டார்.

“ஒண்ணு இருந்துச்சு சார். பொண்ணு பிடுங்கிட்டா,” என்றார் அப்பா.

அப்பனைவிடப் பொண்ணுக்குக் கண் கூர்மை என்று ரேஞ்சர் என்னைப் பாராட்டிவிட்டுப் போனார். அப்பா என் பக்கம் திரும்பவில்லை.

குருவி மறுநாள் வந்தது. உட்காரக் கிளை இல்லாமல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. அப்புறம் வரவில்லை.

மழை முடிந்ததும், முன்பே வெடித்துப்போன விதைகள் தொட்டியைச் சுற்றி முளைத்தன. பாத்திரம் கழுவப் போகும்போதெல்லாம் குனிந்து பிடுங்குகிறேன். நேற்று தொட்டிச் சந்தில் ஒன்று, விரல் நீளம். அங்கே அப்பாவின் பார்வை எட்டாது. பாத்திரங்களைக் கீழே வைத்துவிட்டு அதன் எதிரே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அதையும் பிடுங்கினேன்.